கடல்நாய்க் குட்டிக்கு நான் ஊட்டப்போன பால்

2007-ஆம் ஆண்டு, ஜூலை மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. ஜெர்மனியின் வடக்குக் கடலோரத்தில் ஒரு சின்னத் துறைமுகம். காலை ஒன்பது மணிக்கு அங்கே ஒரு பழைய இறால் படகில் ஏறினோம். மொத்தமே பன்னிரண்டு பேர்தான் ஏற முடியும். அதில் நாங்கள் நான்கு பேர்: நான், என் கணவர், மூன்று வயது மகன், அப்புறம் எங்கள் யாழ்ப்பாணத்து அக்கா. மீதி எட்டுப் பேரும் ஜெர்மன்காரர்கள். எல்லாரும் கழுத்துவரை ஜிப் போட்ட மழைக்கோட்டில் அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். நான் மட்டும் ஆரஞ்சு நிறச் சுங்குடித் துப்பட்டாவைக் காற்றில் பறக்கவிட்டபடி, ஒரு கையில் எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும், இன்னொரு கையில் பையனுக்குச் சர்க்கரை போட்ட பால் ஃபிளாஸ்க்குமாக, கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி ஏறினேன். அந்தத் துப்பட்டாவையும் ஃபிளாஸ்க்கையும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய வருடம் ஊன்ட்றொப் என்ற ஊரில் ஈழத் தமிழர்கள் கட்டிய கோயிலின் திருவிழாவில், தோசைக் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர். வரிசை நகர்வதற்குள் என் ஊர், என் பிறந்த வீடு, எனக்கு ஜெர்மன் வராத கதை எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டார். எண்பதுகளில் யுத்தத்துக்குத் தப்பி வந்தவர். பக்கத்தில் ஹம் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. மூன்று பிள்ளைகளை இங்கேயே வளர்த்து ஆளாக்கியிருந்தார். ஜெர்மன் அவர் வாயில் தண்ணீராக ஓடும். என்னுடைய ஜெர்மன் ரொட்டிக் கடை வாசலோடு நின்றுவிடும்.

என் கணவருக்கு எரிமலைப் பைத்தியம். நாங்கள் இருந்தது ஜெர்மனியின் மேற்கு எல்லையில், ஆஹென் நகரில். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஐஃபெல் மலைப்பகுதி இருக்கிறது. எந்தக் காலத்திலோ வெடித்து அடங்கிப்போன எரிமலைகளின் வாயில் தண்ணீர் நின்று, இப்போது ஏரியாகக் கிடக்கும். வாரக் கடைசி வந்தால் போதும், எங்களைக் கூட்டிப்போய் ஒரு குளத்தைக் காட்டி, "இதுதான் எரிமலை" என்பார். நானும் எத்தனை முறைதான் "ஆகா" என்று சொல்வது? அந்தக் கோடையில் தென் திசையில் எங்காவது எரிமலைத் தீவுகளைச் சின்னக் கப்பலில் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று படமெல்லாம் சேர்த்து வைத்திருந்தார். ஆபீசில் மூன்று நாள்தான் லீவு கிடைத்தது. மனிதர் சோர்ந்துபோய்விட்டார்.

விஷயம் தெரிந்ததும் அக்காவே போன் செய்தார். "தம்பி, எரிமலைக்கு இப்ப போக ஏலாதுதானே. கடலையாவது வந்து பாருங்கோ. எங்கடை இல்லத்து ஆக்களைக் கூட்டிக்கொண்டு நான் போன வருசம் போனனான். சீல் எண்டுற கடல்நாயள் எல்லாம் கிட்டக் கிடக்கும். பிள்ளைக்கும் நல்லாயிருக்கும்."

பிள்ளைக்கு நல்லாயிருக்கும் என்று அக்கா சொன்னதற்குக் காரணம் இருந்தது. உண்மையில் அந்தப் பயணம் எனக்காகத்தான். மே மாதம் பையனுக்குக் கிண்டர்கார்டனில் இடம் கிடைத்திருந்தது. நம் ஊர் மாதிரி முதல் நாளே பிள்ளையை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திக்கொள்ளும் வழக்கம் இங்கே இல்லை. முதல் சில நாட்கள் தாயும் கூடவே ஒரு மூலையில் உட்கார வேண்டும். அப்புறம் பத்து நிமிடம் வெளியே போய் வர வேண்டும். அப்புறம் அரை மணி. அப்படியே பழக்குவார்கள். மூலையில் உட்காருகிற பகுதி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வெளியே போகிற பகுதிதான் ஒத்துவரவில்லை.

போகாமல் இல்லை, போனேன். போய், சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால் நின்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். நன்றாக விளையாடிக்கொண்டிருந்தவன் என் முகத்தைப் பார்த்ததும் "அம்மா" என்று அலறினான். நான் ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டேன். இப்படியே ஒரு வாரம். அவன் கன்னத்தில் நான் வைத்து அனுப்பிய திருஷ்டிப் பொட்டை அழுக்கு என்று நினைத்து ஈரத் துணியால் துடைத்துவிட்டாரே என்று அந்த டீச்சர் மேல் எனக்கு ஏற்கெனவே ஒரு கோபம். அவர் கடைசி நாளன்று என் கணவரையும் வரவழைத்துச் சொன்னார்: அவன் அழுவது நீங்கள் போவதால் அல்ல, போகாததால். கோடை விடுமுறை முடிந்து ஆகஸ்டில் மறுபடி முயற்சி செய்வோம்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. பெற்றவளுக்குத் தெரியாதா தன் பிள்ளை எதற்கு அழுகிறான் என்று? இரண்டு மாதமாக வீட்டில் இதே பேச்சு. என் கணவர் பாவம், எரிமலையே தேவலை என்று நினைத்திருப்பார்.

சரி, படகுக்கு வருவோம். அந்தக் கடல் விசித்திரமான கடல். தண்ணீர் வற்றும்போது மைல் கணக்கில் சேறும் மணலும் வெளியே தெரியும். ஏறும்போது எல்லாம் மூழ்கிவிடும். நாங்கள் கிளம்பியபோது தண்ணீர் நன்றாக வற்றி, ஆழமான வாய்க்கால்களில் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. மணல் திட்டுகளில் வரிசையாகக் கடல்நாய்கள் படுத்துக் கிடந்தன. தலையையும் வாலையும் தூக்கிக்கொண்டு, வாழைப்பழம் மாதிரி வளைந்து வெயில் காய்ந்தன. படகுக்காரர் இன்ஜினை மெதுவாக்கி, தூரத்திலேயே நிறுத்தினார். எழுபது வயது இருக்கும். பேசினால் பல் விழுந்துவிடும் என்பதுபோல் வாயை இறுக்கி மூடியிருப்பவர். என் மகன் கடல்நாய்களைப் பார்த்து, "அம்மா, எல்லாரும் தூங்குறாங்க, உஷ்" என்றான். அந்த மனிதர் அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார்.

அப்புறம் ஒரு சின்ன வலையை இறக்கிப் பத்து நிமிடம் இழுத்து, அகப்பட்டதைத் தொட்டித் தண்ணீரில் கொட்டிக் காட்டினார். இறால், நட்சத்திர மீன், தட்டையாய் ஒரு குட்டி மீன், பக்கவாட்டில் ஓடும் நண்டுகள். அக்கா தொட்டியை விட்டு நகரவேயில்லை. "பாருங்கோ, எப்பிடிச் சதைப்பிடிப்பான நண்டு! முருங்கை இலையும் போட்டு ஒரு குழம்பு வைச்சால்..." என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே படகுக்காரர் தொட்டியைத் தூக்கி எல்லாவற்றையும் கடலிலேயே திரும்ப ஊற்றிவிட்டார். அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே! உடனே அவரோடு வாக்குவாதம் வேறு: ஒன்று இரண்டையாவது வைத்திருக்கக் கூடாதா என்று.

பதினொன்றரைக்கு ஒரு குட்டித் தீவில் இறக்கிவிட்டார். சுற்றுச்சுவரோ அணையோ இல்லாத தீவு. வெறும் புல்தரை. நடுவில் மண்ணைக் கொட்டி உயர்த்திய மேட்டில் இரண்டே இரண்டு வீடுகள். கடல் பெரிதாகக் கொந்தளித்தால் மேடு தவிர மற்ற இடமெல்லாம் தண்ணீருக்குள் போய்விடுமாம். இறங்குவதற்கு முன்னால் படகுக்காரர் நின்று நாலைந்து வாக்கியம் சொன்னார். நான் பையனுக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தேன். அக்கா நண்டு போன துக்கத்தில் இருந்தார். என் கணவரோ கரையையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆக, எங்கள் நான்கு பேரில் ஒருவரும் அந்தப் பேச்சைக் கேட்கவில்லை.

கரையில் என் கணவர் பார்த்தது கறுப்புக் கற்களை. அலை அரிக்காமல் இருக்கத் தீவின் விளிம்பு முழுக்க அடுக்கியிருந்தார்கள். "இங்க பாரு! ஆறு பக்கம் இருக்குல்ல? பசால்ட்! எரிமலைக் கல்லு! நம்ம ஐஃபெல் பக்கத்துலருந்து கப்பல்ல கொண்டுவந்து போட்டிருக்காங்க!" என்று குதித்தார். எரிமலைத் தீவு கிடைக்காதவருக்கு எரிமலைக் கல்லால் வேலி போட்ட தீவு கிடைத்துவிட்டது. கேமராவோடு அந்தப் பக்கம் போனவர் போனவர்தான்.

நாங்கள் மூவரும் எதிர்த் திசையில் நடந்தோம். தீவின் கடைசி முனையில் கற்கள் முடிந்து கொஞ்சம் மணல் இருந்தது. அங்கேதான் அந்தச் சத்தம் கேட்டது. சின்னக் குழந்தை தொட்டிலில் விழித்துக்கொண்டு ஆள் தேடி அழுமே, அப்படியே அந்தச் சத்தம். போய்ப் பார்த்தால் மணலில் ஒரு கடல்நாய்க் குட்டி. தலையணை அளவு. சாம்பல் நிறம். முகத்தில் பாதி கண்தான். அந்தக் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சுற்றிலும் ஒரு கடல்நாய் கூட இல்லை.

"ஐயோ, பாவம்! பச்சைப் பிள்ளை. தாய் எங்கை போயிட்டாளோ தெரியேல்லை" என்றார் அக்கா.

"செத்துப் போச்சோ என்னவோக்கா."

"இல்லாட்டி விட்டிட்டுப் போயிருப்பாள். பசிக்குது போலை கிடக்கு, பாலைக் குடுத்துப் பாருங்கோ."

எனக்குச் சொல்லவா வேண்டும்? மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஃபிளாஸ்க் மூடியில் பாலை ஊற்றி அதன் மூக்கருகில் வைத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. என் மகனும் அப்படித்தான் செய்வான், அதனால் நான் அசரவில்லை. கண்ணோரம் ஒட்டியிருந்த மணலைத் துப்பட்டா முனையால் மெதுவாகத் துடைத்துவிட்டேன். வெயிலடிக்கிறதே என்று துப்பட்டாவை நான்காக மடித்து அதன் முதுகில் போர்த்தினேன். இதைப் படகில் ஏற்றி ஏதாவது டாக்டரிடம் காட்டிவிடலாம், படகுக்காரரைக் கூட்டி வாருங்கள் என்று அக்காவை அனுப்பினேன். அவரும் வேகமாக நடந்தார்.

நானும் என் மகனும் குட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். நான் அதோடு பேச வேறு பேசினேன். "பயப்படாதடா கண்ணா, நான் இருக்கேன். உங்கம்மாவுக்கு மனசே இல்லடா" என்றெல்லாம். அப்போது என் மகன் கடலைக் காட்டி, "அம்மா, பந்து!" என்றான். கொஞ்ச தூரத்தில் தண்ணீருக்கு மேல் கறுப்பாக, உருண்டையாக ஒன்று தெரிந்தது. "அது பந்து இல்லடா, மிதவை. படகு கட்டுறதுக்குப் போட்டிருப்பாங்க" என்றேன். சற்று நேரத்தில், "பந்தக் காணோம்" என்றான். "அலை மறைச்சிருக்கும்" என்றேன். அப்புறம் கொஞ்சம் தள்ளி மறுபடி தெரிந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. எனக்கு உச்சி குளிர்ந்திருந்தது. ஒரு உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் அல்லவா?

அக்கா படகுக்காரரோடு திரும்பி வந்தபோது அரை மணிக்கு மேல் ஆகியிருந்தது. அந்த மனிதர் கிட்டத்தில் வரவில்லை. ரொம்ப தூரத்திலேயே நின்றுகொண்டு இரண்டு கையையும் வீசி என்னை வா, வா என்று அழைத்தார். நான் பதிலுக்கு அவரை இங்கே வாங்க என்று அழைத்தேன். அவர் முகம் சிவந்தது. அக்கா அங்கிருந்தே கத்தினார்: "எழும்பி வாங்கோ! பிள்ளையையும் தூக்கிக்கொண்டு கெதியா வாங்கோ!"

போனேன். படகுக்காரர் மூச்சு விடாமல் ஒரு நிமிடம் பேசினார். பேசி முடித்ததும் அக்கா என்னிடம், "கொஞ்சம் தள்ளி நிக்கட்டாம்" என்றார்.

"இவ்வளவு நீளமா பேசினது அதுக்கா, அக்கா?"

அக்கா பெருமூச்சு விட்டார். "இல்லையம்மா. குட்டியை ஒருத்தரும் விட்டிட்டுப் போகேல்லையாம். தாய் மீன் பிடிக்கப் போகேக்கை இப்பிடித்தான் கரையிலை வைச்சிட்டுப் போகுமாம். ஆக்கள் பக்கத்திலை நிண்டால் அது கரைக்கு வராதாம். கனநேரம் வராட்டில் பிறகு ஒரேயடியா விட்டிட்டுப் போயிடுமாம். இறங்கேக்கையே இதைத்தான் சொன்னவராம்." சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல், "நானும் சேர்ந்துதானே செய்தனான்" என்றார்.

படகுக்காரர் என்னிடமே நேராக ஒரு கேள்வி கேட்டார். அந்த ஜெர்மன் எனக்கே புரிந்தது. தொட்டீர்களா? இல்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பக்கத்தில் என் மகன் நிமிர்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். தொட்டேன் என்று தலையாட்டினேன். கண்ணைத் துடைத்தது, பால் வைத்தது எல்லாவற்றையும் அக்கா மூலமாகச் சொன்னேன். குட்டிகளுக்குக் கண்ணில் அப்படித் தண்ணீர் வழிவது இயல்புதானாம், அழுகை இல்லையாம். மாட்டுப் பால் அதற்கு ஆகவே ஆகாதாம். குடிக்காமல் விட்டதே அதிர்ஷ்டம்.

எங்களை வெகுதூரம் பின்னால் அழைத்துப்போய்ப் புல் மேடு ஒன்றின் மறைவில் படுக்கச் சொன்னார். பிறகு போனில் யாரையோ அழைத்தார். அந்தக் கடற்கரையில் கடல்நாய்களைப் பார்த்துக்கொள்வதற்கென்றே பொறுப்பாக ஒரு பெண்மணி இருக்கிறாராம். தண்ணீர் ஏறி முடியும்வரை காத்திருந்து பாருங்கள், தாய் வராவிட்டால் நான் வந்து குட்டியை எடுத்துப்போகிறேன் என்றாராம் அவர். எடுத்துப்போனால் தொட்டியில் வைத்து வளர்த்துக் கடலில் விடுவார்கள். ஆனால் தாய் கிடைக்காது. எங்கள் படகோ மூன்றரைக்குள் கிளம்பியாக வேண்டும். விட்டால் தண்ணீர் மறுபடி இறங்கத் தொடங்கி, வாய்க்காலில் படகு தரைதட்டிவிடும். அதற்குள் வராவிட்டால், அந்தத் தாயையும் பிள்ளையையும் பிரித்தவள் நான் என்ற நினைப்போடுதான் நான் வீட்டுக்குப் போக வேண்டும்.

ஒவ்வொருவராக மற்ற பயணிகளும் வந்து சேர்ந்தார்கள். விஷயத்தைக் கேட்டு அவர்களும் புல்லில் குப்புறப் படுத்துக்கொண்டார்கள். ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒரு வயதான அம்மா தன் பைனாகுலரைக் கழற்றி என் கையில் கொடுத்தார். என் கணவர் பை நிறையப் படத்தோடும் வாய் நிறையப் பசால்ட்டோடும் வந்தவர், என் முகத்தைப் பார்த்ததும் பையனை வாங்கிக்கொண்டு பக்கத்தில் படுத்தார். நானும் அக்காவும் பேசாமல் கிடந்தோம். எங்களைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

என் மகன் என் காதில் ரகசியமாகக் கேட்டான்: "குட்டியோட அம்மா எங்க?"

படகுக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் மூன்று வயதுப் பையன் என்ன கேட்டிருப்பான் என்று அவருக்குத் தெரிந்திருக்கும் போல. என் கையிலிருந்த பைனாகுலரைப் பிடித்து மெதுவாகக் கடல் பக்கம் திருப்பினார். அந்த மிதவை. அதற்கு இரண்டு கண் இருந்தது. மீசை இருந்தது. அது கரையையே பார்த்துக்கொண்டிருந்தது.

நான் பைனாகுலரைக் கீழே வைத்துவிட்டேன். இவ்வளவு நேரமும் அங்கேதான் இருந்திருக்கிறாள். நான் அவள் பிள்ளைக்குப் பாலூட்டப் பார்த்ததை, கண் துடைத்ததை, மனசே இல்லாதவள் என்று அவளைத் திட்டியதை எல்லாம் தண்ணீருக்குள் நின்று பார்த்திருக்கிறாள். பொங்கிக்கொண்டு அழுகை வந்தது. சத்தம் வராமல் அழுவது எப்படி என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

இரண்டு மணி. தலை கொஞ்சம் நெருங்கியது. மறுபடி பின்னால் போனது. திரும்ப நெருங்கியது. போனது. வயதான அம்மா என்னவோ முணுமுணுத்தார். அக்கா என் காதில் சொன்னார்: "உங்கடை சால்வைக்குத்தான் பயப்பிடுதாம்." பார்த்தேன். குட்டி நகர்ந்ததில் துப்பட்டா சரிந்து பக்கத்திலேயே மணலில் கிடந்தது. காற்றில் ஒரு முனை எழும்பி எழும்பிப் படபடத்தது. சாம்பல் நிறக் கடல், சாம்பல் நிற மணல். அதற்கு நடுவில் பளீரென்று ஆரஞ்சு. யாருக்குத்தான் பயம் வராது?

நான் எழுந்துவிட்டேன். ஓடிப்போய் எடுத்து வந்துவிட்டால் தீர்ந்தது. படகுக்காரர் என் முழங்கையைப் பிடித்து, ஒரே வார்த்தை சொன்னார். "நைன்." இல்லை, கூடாது என்று அர்த்தம்; அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. இப்போது ஒரு மனித உருவம் அங்கே போனால் அவள் போய்விடுவாள். தண்ணீர் ஏறி வருகிறது, அதுவே எடுத்துக்கொள்ளட்டும் என்று அக்கா வழியாகச் சொன்னார். மறுபடி படுத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டமான வேலை எதையும் செய்ததில்லை. ஒன்றும் செய்யாமல் கிடந்ததைத்தான் சொல்கிறேன். பக்கத்தில் என் மகன் அப்பாவின் மார்பில் தூங்கியே போயிருந்தான்.

இரண்டரை மணி சுமாருக்கு முதல் அலை துப்பட்டாவைத் தொட்டது. இரண்டாவது அலை இழுத்தது. பிறகு அது ஈரமாகி, படபடப்பு அடங்கி, மெல்ல மெல்லக் கடலுக்குள் போனது. என் தம்பி மதுரையில் அலைந்து வாங்கி, என் பிறந்தநாளுக்கு அனுப்பியது. போகட்டும், போ, சீக்கிரம் போ என்று மனசுக்குள் விரட்டினேன். அது மூழ்கிய அதே சமயம் அந்தக் கறுப்புத் தலையும் மூழ்கியது. திரும்ப மேலே வரவேயில்லை.

ஐந்து நிமிடம், பத்து நிமிடம். கடல் வெறுமையாகக் கிடந்தது. குட்டி மட்டும் இடைவிடாமல் கத்திக்கொண்டிருந்தது. தண்ணீர் அதன் வயிற்றைத் தொட்டுவிட்டது. படகுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணி. படகுக்கு நடக்கவே கால் மணியாகும். யாரும் அசையவில்லை. அவரும் போகலாம் என்று சொல்லவில்லை.

குட்டிக்கு வெகு அருகில், முழங்கால் ஆழத் தண்ணீரில் அவள் திடீரென்று எழுந்தாள். அவ்வளவு பெரிய உடம்பா என்று இருந்தது. குட்டியிடம் போய் முகர்ந்தாள். சட்டென்று தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். என் வாசனை. என் கை வாசனை, மஞ்சள் வாசனை, எலுமிச்சைச் சாதத்தின் பெருங்காய வாசனை எல்லாம் அந்தக் குட்டி மேல் இருந்திருக்கும். அக்கா என் கையை நெரித்தார். தாயே, அது உன் பிள்ளைதான், என்னை மன்னித்துக்கொள் என்று நான் வேண்டினேன். அம்பாளைக் கூட அப்படிக் கூப்பிட்டதில்லை.

குட்டி இன்னொரு முறை கத்தியது. அவள் திரும்பி வந்தாள். இந்த முறை மூக்கோடு மூக்கை வைத்து ரொம்ப நேரம் அப்படியே நின்றாள். பிறகு ஒருக்களித்துச் சாய்ந்தாள். குட்டி அவள் வயிற்றில் முட்டி முட்டிப் பால் குடித்தது. அதற்குப் பிடித்த பால்.

குடித்து முடித்ததும் இருவரும் ஆழத்துக்கு நகர்ந்தார்கள். கடைசியாகப் பார்த்தபோது குட்டி தாயின் முதுகில் தொற்றிக்கொண்டு போனது. யாரும் கை தட்டவில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் ஒன்றாக மூச்சு விட்டது மட்டும் கேட்டது. "போயிட்டுது! தாயோடை போயிட்டுது!" என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். படகுக்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டார். அப்புறம்தான் மணியைப் பார்த்துக் கத்தினார். பன்னிரண்டு பேரும் கல்லிலும் புல்லிலும் விழுந்தடித்து ஓடினோம். தூங்கும் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு என் கணவர்தான் முதலில் போய்ச் சேர்ந்தார். அதற்குள் தண்ணீர் இறங்கத் தொடங்கியிருந்தது; படகின் அடி இரண்டு இடத்தில் சேற்றை உரசியது. எப்படியோ ஆழத்துக்கு வந்துவிட்டோம்.

யாருமே மதியம் சாப்பிட்டிருக்கவில்லை. என் எலுமிச்சைச் சாதப் பாத்திரத்தைத் திறந்தேன். காகிதத் தட்டு இல்லாததால் டப்பா மூடி, கோப்பை, உள்ளங்கை என்று கிடைத்ததில் வாங்கிச் சாப்பிட்டார்கள். படகுக்காரர் சுக்கானை ஒரு கையால் பிடித்துக்கொண்டே மூன்று தடவை வாங்கினார். வாயை இறுக்கி மூடியிருந்தவர் அன்றைக்கு அதைச் சந்தோஷமாகத் திறந்ததே அதற்குத்தான் என்று நினைக்கிறேன். துறைமுகத்தில் இறங்கும்போது என்னிடம் என்னவோ சொன்னார். அக்கா விழுந்து விழுந்து சிரித்துவிட்டுச் சொன்னார்: "அடுத்த வருசமும் வரட்டாம். சோத்தைக் கொண்டு வரட்டாம். பாலை வீட்டிலை வைச்சிட்டு வரட்டாம்."

ஆகஸ்டில் கிண்டர்கார்டன் மறுபடி தொடங்கியது. மூன்றாம் நாள் டீச்சர் என்னைப் பார்த்துக் கதவைக் காட்டினார். எழுந்தேன். மகனிடம், "அம்மா போயிட்டு வர்றேன்" என்று சொன்னேன். சைக்கிள் நிறுத்தும் இடத்தைத் தாண்டும்போது கால் தயங்கத்தான் செய்தது. தாண்டிவிட்டேன். ரொட்டிக் கடைக்குப் போய், எனக்குத் தெரிந்த ஜெர்மனில் ஒரு காபி வாங்கி, அதை ஆறவிட்டு, ஜன்னல் பக்கமே உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் போனபோது என் மகன் மரக்கட்டைகளை அடுக்கி ஒரு படகு கட்டிக்கொண்டிருந்தான். என்னை நிமிர்ந்து பார்த்து, "இப்ப ஏம்மா வந்த?" என்றான். டீச்சருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் புரிந்துவிட்டது. இருவரும் சிரித்தோம். அவர் மேல் இருந்த கோபம் அன்றோடு போனது. மறுநாளிலிருந்து திருஷ்டிப் பொட்டை அவனுக்குக் காதுக்குப் பின்னால் வைத்தேன். அதை யாரும் துடைக்கவில்லை.

அதன் பிறகு மூன்று வருடம் ஓடிவிட்டது. இந்த வருடம் அவன் பள்ளிக்கூடம் சேர்ந்துவிட்டான். இங்கே முதல் வகுப்புப் பிள்ளைகளே பையை மாட்டிக்கொண்டு தாங்களாக நடந்து போகிறார்கள். இவனும் அடுத்த தெருப் பிள்ளைகள் இருவரோடு போகிறான். நான் கூடப் போவதில்லை. மாடி பால்கனியில் பூந்தொட்டிகளுக்குப் பின்னால் நின்றுகொள்கிறேன். தெருமுனை திரும்பும் இடத்தில் அவன் தினமும் ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பான். அங்கிருந்து அவனுக்கு என் முகம்கூடத் தெரியாது, பூக்களுக்கு மேலே கறுப்பாக ஒரு தலை மட்டும்தான் தெரியும். அது போதும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளை, வெறும் மிதவை என்று என் பிள்ளைக்குச் சொன்னவள் நான்.